கடைசிக் கம்பத்துக் கரண்டு

பரீட்சையில் தோற்றவர்கள் அழுவார்கள், குடிப்பார்கள், கேள்வி கொடுத்தவனைத் திட்டுவார்கள். ரஞ்சித் டிரெய்லர் கழுவினான். இரண்டாம் முறையும் சிக்ஸ் ஜி டெஸ்டில் தோற்று விழுப்புரத்திலிருந்து திரும்பிய அன்று, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், வெல்டிங் கடை முன்னால் அச்சு முறிந்து நின்ற யாரோ ஒருவருடைய டிராக்டர் டிரெய்லரைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். வெல்டிங்குக்கு வந்த வண்டியை உலகத்தில் யாரும் கழுவிக் கொடுப்பதில்லை.

பக்கத்தில் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லின் மேடை மேல் நின்றபடி ஆர்த்தி இதைப் பார்த்தாள். எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னாம்மே, வந்துட்டாரா ஒங்க வூட்டுக்காரரு?" என்றாள் கீழே கூடைக்கு மல்லாட்டை வாரிக்கொண்டிருந்த சவுரியம்மாள்.

"வந்துட்டாரு."

"பாசா?"

"டிரெய்லரு கழுவுறாரு."

"சரி வுடு" என்று சவுரியம்மாள் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். "போன தபா ராடு பெட்டிய எல்லாம் கொட்டிக் கொட்டி அடுக்குனாரு. இந்தத் தபா தண்ணி. பரவால்ல, தேறிக்கினு வர்றாரு."

ஆர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயில் மல்லாட்டைத் தூசி புகுந்து இருமலாக முடிந்தது.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், ஊர் முடிந்து வயல் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு தகரக் கொட்டகைகள். ஒன்று நடராசன் வெல்டிங் ஒர்க்ஸ். நடராசன் ரஞ்சித்தின் அண்ணன். இன்னொன்று மணிமாறனின் மல்லாட்டை உடைக்கிற மில். இரண்டுக்கும் நடுவில் ஒரே தகரச் சுவர், இரண்டுக்கும் கரண்டு ஒரே கம்பத்திலிருந்து. அதுதான் அந்தப் பக்கத்தின் கடைசிக் கம்பம். அத்தனை வீட்டு மின்விசிறியும், அத்தனை கொல்லை மோட்டாரும் உறிஞ்சியது போக மிச்சம் எது வருகிறதோ அதுதான் இவர்களுக்கு.

ஆர்த்தியின் வேலை மேடை மேல் நின்று மிஷினின் தொட்டியில் மல்லாட்டை கொட்டுவது. கீழேயிருந்து சவுரியம்மாள் கூடை தருவாள், இவள் வாங்கிக் கவிழ்ப்பாள். இருபது எண்ணுவதற்குள் ஒரு கூடை. விழுந்ததும் மோட்டார் முக்கும், பெல்ட் இழுபடும், பருப்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து பறக்கும். தொட்டி காலியாகிச் சத்தம் லேசாகும் நேரத்தில் அடுத்த கூடை. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை இதுதான். ஆறு வருடமாக இதுதான். ஒவ்வொரு கூடைக்கும் பக்கத்துக் கொட்டகையில் ரஞ்சித்தின் வெல்டிங் வெளிச்சம் ஒரு கணம் மங்கி எழும். தகரச் சுவருக்கு மேலே உள்ள இடைவெளியில் அது தெரியும். "ஆர்த்தி கூட கொட்னா புருசன் அங்கருந்து கண்ணடிக்கிறான்" என்று மில்லுப் பெண்கள் கேலி செய்வார்கள். வேலைக்கு வந்த புதிதில் இவள் அதற்கு வெட்கப்பட்டதும் உண்டு.

சிக்ஸ் ஜி என்பது ஒரு பைப்பு டெஸ்ட். இரண்டு இரும்புப் பைப்புத் துண்டுகளைச் சாய்வாக நிறுத்தி மாட்டிவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, தொடக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கீழே குனிந்து, கழுத்தை முறுக்கி, மேலே எக்கி, முழு வட்டமும் பத்தவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், மனிதனுக்கு எடுக்கிற மாதிரியே. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ஒரு ஓட்டை தெரிந்தால் போச்சு. தேறியவனுக்கு ஒரு கார்டு. அந்தக் கார்டு இருந்தால் குஜராத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய எண்ணெய் ஆலையில் பைப்பு வெல்டர் வேலை. ரஞ்சித்தோடு ஐ.டி.ஐ. படித்த கோட்டக்குப்பத்து அப்துல் ஹக்கீம்தான் குவைத்திலிருந்து போன் செய்து இதைச் சொன்னவன். "மாப்ள, ஒங்கைக்கு அதெல்லாம் ஜுஜூபி. ஜல்தியா பேரக் குடு" என்றான். அந்தக் கம்பெனி ஒருவனுக்கு மூன்று தடவைதான் டெஸ்ட் வைக்கும். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது வைகாசியில். அதோடு பட்டியல் மூடல்.

ஊருக்கே வியப்பு. ரஞ்சித் பத்தவைத்த கேட்டு விரிசல் விட்டதாக இந்த ரோட்டில் யாரும் சொன்னதில்லை. மயிலத்துக் காவடிக்காரர்கள் உடைந்த வேல்களைக் கூட இவனிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட கை ஏன் தோற்கிறது? ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கண் பரிசோதனை பண்ணு என்றார் டீக்கடைக்காரர். சர்க்கரை இருக்கும் என்றான் மில்லு மணிமாறன். நடராசனின் மனைவி, ஆர்த்தியின் ஓரகத்தி வீரம்மாள், திருஷ்டி என்று சொல்லி பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். நடராசன் மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை.

"ஃபெயிலுன்னா இன்னாடா இப்ப?" என்றார் அன்று சாயங்காலம், தம்பி கழுவி முடித்த டிரெய்லரைச் சுற்றி வந்துகொண்டே. "கல்யாண மண்டபத்து கேட்டு நிக்குது. பஞ்சாயத்து ஆபீசு ஜன்னலு நிக்குது. இங்க இல்லாத வேலையா அங்க?"

ரஞ்சித் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தான். அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் இவனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பியவர், வெல்டிங் ஹோல்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், இவன் தட்டில் எப்போதும் ஒரு துண்டு கூடுதலாக வைக்கச் சொல்கிறவர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு என்றைக்கோ கிளம்பியிருப்பான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு ஆர்த்தி கடைக்குப் போனாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். ரஞ்சித் களியைக் கிள்ளிக் குழம்பில் போட்டுவிட்டு அப்படியே விட்டான்.

"சாப்புடுங்க."

"ம்."

"அந்த சாரு இன்னாதான் சொன்னாரு?"

டெஸ்ட் எடுத்தவர் சீனுவாசன் என்ற பெரியவர். கறார் பேர்வழி. ஆனால் இவனை உட்கார வைத்து எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, போனில் போட்டோ எடுத்துக்கொள்ளவும் விட்டிருக்கிறார். ரஞ்சித் போனை அவளிடம் நீட்டினான்.

சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்குள் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம்.

"அந்தக் கறுப்புதான் ஓட்ட. சூடு தாங்காம உருகி உள்ளாற ஒழுகிடிச்சி. 'கை நல்ல கைதான்யா, ஆனா போய்க்கினே இருக்கும்போது நடுவுல நடுவுல நிக்குது, ஏன் நிக்குதுன்னு நீதான் கண்டுபுடிக்கணும்'னாரு." அவன் எழுந்து போய் மூலையிலிருந்து நீளவாக்கில் அறுத்த பைப்பு ஒன்றைத் தூக்கி வந்தான். "இத்தப் பாரு. இங்க செஞ்சது. உள்ளாற தடவிப் பாரு."

தடவினாள். உள்பக்கத் தையல் வழவழவென்று ஒரே சீராக ஓடியது.

"இதே கை. இதே ராடு. இங்க வருது, அங்க வர்ல. பயமாத்தான் இருக்கும். வேறன்னா? பயந்தாங்கொள்ளி நான்." சொல்லும்போதே அவன் கீழுதடு கோணிக்கொண்டது. முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை களித் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதான். ஆர்த்தி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில்லில் மணி அடித்துவிட்டார்கள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுக்கு ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அந்தப் புள்ளிகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கவில்லை. இரண்டு விரற்கடைக்கு ஒன்று, அளந்து வைத்தது போல வரிசையாக இருந்தன.

மேடையில் ஏறி முதல் கூடையைக் கவிழ்த்தாள். மோட்டார் முக்கியது. தகரத்துக்கு மேலே வெளிச்சம் மங்கியது. இருபது எண்ணி அடுத்த கூடை. மங்கியது. மூன்றாவது கூடையை வாங்கியவள் கவிழ்க்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்றாள் சவுரியம்மாள்.

"இல்லக்கா" என்று கொட்டினாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இவள் கூடை கொட்டும்போது அங்கே கரண்டு இறங்குகிறது. இறங்கினால் இரும்பு உருகாது. அதனால் அவன் கை ஒரு நொடி அங்கேயே நின்று, ராடை உள்ளே அழுத்தி உருக்கிவிட்டு நகர்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கையே கற்றுக்கொண்டது. ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் கூடை! இப்போது அது கரண்டைப் பார்த்து நிற்பதில்லை, நேரத்தைப் பார்த்து நிற்கிறது. விழுப்புரத்தில் தனி டிரான்ஸ்ஃபார்மர், புது மிஷின், அசையாத கரண்டு. அங்கேயும் இருபது எண்ணியதும் இவன் கை நிற்கிறது. இறங்காத கரண்டில் நின்றால் இரும்பு ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் சொல்லவில்லை.

ஆர்த்தியை நல்லவள் என்று காட்டுவதற்காக அவள் சொல்லாமல் இருந்த எட்டு நாளை மறைக்க முடியாது. சொன்னால் அவன் தேறுவான். தேறினால் போவான். கான்ட்ராக்ட் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் லீவு, தங்குவது ஆண்கள் மட்டும் இருக்கிற கேம்ப்பில். இவள் இங்கே. மச்சாண்டாரும் ஓரகத்தியும் அவர்கள் பிள்ளைகளும் புழங்குகிற வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து ஒற்றை அறையில், இரண்டாவது படிக்கிற மகள் அஸ்வினியோடு. அந்த வீட்டில் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் ரஞ்சித் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு இவள் "ந்தா". கெடாரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே அண்ணி இரண்டாம் நாளே பஸ் டயம் கேட்க ஆரம்பித்துவிடுவாள். அவன் வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒருத்தி நினைப்பது குற்றமா? குற்றமில்லைதான். ஆனாலும் அந்த எட்டு நாளும் அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை.

அவன் தினமும் ஐந்தரை மணிக்குக் கடை வேலை முடித்துவிட்டுப் பழைய இரும்புப் பைப்பு வெட்டிப் பழகினான். மில்லு நின்றிருந்தாலும் அந்த நேரத்துக்குக் கொல்லை மோட்டார்கள் ஓடும், கரண்டு இன்னும் மோசமாக இருக்கும், அதில் கை நின்றாலும் ஓட்டை விழாது. எந்தக் கரண்டு அவன் கையைக் கெடுத்ததோ அதிலேயே மேலும் மேலும் பழகினான். அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழவென்று இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நடராசன் ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"வீரம்மா, நல்லா மெளகு போட்டு வறு. தம்பி நல்ல முடிவு எடுத்திருக்குறான்."

"இன்னா முடிவு?" என்றாள் வீரம்மாள்.

"வைகாசி டெஸ்டுக்குப் போவலையாம். இங்கியே இருக்கறானாம். கடைக்குப் புது போர்டு எழுதச் சொல்லிட்டேன். நடராசன் ரஞ்சித் வெல்டிங் ஒர்க்ஸ். அவன் பேரும் இருக்கட்டும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆர்த்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மகளின் ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணன் எலும்பில் மஜ்ஜை இருந்த துண்டாகப் பார்த்துத் தம்பி தட்டில் போட்டார். ரஞ்சித் தலையைக் குனிந்துகொண்டு, வைத்ததையெல்லாம் தின்றான். வேண்டாம் என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை.

"எப்டிடா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றான் ரஞ்சித்.

ஆர்த்தி கேட்டது கிடைத்துவிட்டது. அவன் இனி எங்கும் போகமாட்டான். இதே இடத்தில், இதே குரலில், நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிக்கொண்டு இன்னும் முப்பது வருடம் தின்பான். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலை மில்லுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தாள். நடராசன் திண்டிவனத்துக்கு ராடு வாங்கப் போயிருந்தார்.

"பைப்ப மாட்டுங்க."

"இன்னாத்துக்கு? அதான் வுட்டுட்டேனே."

"மாட்டுங்கன்னா மாட்டுங்க. நான் போயி கூட கொட்டறேன். நீங்க பத்தவச்சிக்கினே இருங்க. நடுவுல நான் நிறுத்திடுவேன். நீங்க நிறுத்தாதீங்க. அப்புறம் அறுத்துப் பாருங்க."

"பேஜாரு பண்ணாத ஆர்த்தி."

"ஒரே ஒரு தபா."

அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்து அவன் எழுந்தான்.

மேடையில் ஏறி நான்கு கூடை வழக்கம்போலக் கொட்டினாள். ஐந்தாவதைக் கையில் வாங்கியவள் கவிழ்க்கவில்லை. மோட்டார் வெறுமனே ஓடியது. மேலே வெளிச்சம் மங்கவில்லை. சவுரியம்மாள் வாயைத் திறந்தவள், இவள் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டாள். இருபது, நாற்பது, அறுபது. அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் கனத்து அடங்கி மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. கூடை விழாமலே.

"யாருடி அங்க மிஷின சும்மா ஓட்டறது?" என்று மணிமாறன் கத்தினான். ஆர்த்தி கவிழ்த்தாள்.

மத்தியானம் போனபோது பைப்பு அறுத்துக் கிடந்தது. ரஞ்சித் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்திருந்தான். ஒரு பாதி வழவழப்பு. மறுபாதியில் இரண்டு விரற்கடைக்கு ஒன்றாக ஓட்டை.

"அப்ப பயம் இல்ல" என்றான். "எங்கிட்ட ஒண்ணும் கோளாறு இல்ல."

"இல்ல. கூடதான். நான் கொட்ற கூட."

அவன் சிரித்தான், தலையில் அடித்துக்கொண்டான், பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் நம்பிவிடுவான்.

"போட்டோ காட்டினீங்களே, அன்னிக்கே."

"எட்டு நாளா?"

"ஆமா."

அவன் பைப்பைக் கீழே வைத்தான். எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் குடித்தான். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. "நான் தெனம் தெனம் செத்துக்கினு இருந்தேன்" என்றான் அவள் பக்கம் திரும்பாமல்.

"பாத்தேன்."

"பாத்துக்கினே இருந்தியா?"

"இருந்தேன். நீங்க போயிடுவீங்கன்னு இருந்தேன்."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மில்லு நின்றதும், தகரத்தைத் தட்டினான். "ஆர்த்தி. வா இங்க."

அப்படித்தான் மறுபடி பழக ஆரம்பித்தார்கள். மில்லுக்கு மத்தியானம் முக்கால் மணி நேரம் ஓய்வு. கொல்லை மோட்டார்களுக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலும் கரண்டு கிடையாது. நாளில் அந்த முக்கால் மணி நேரம்தான் கடைசிக் கம்பத்தில் கரண்டு ஓரளவு நேராக நிற்கும். அவன் சோற்றை மூன்று மணிக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பைப்பு முன்னால் உட்கார்ந்தான். காரணம் தெரிந்துவிட்டதால் கை திருந்திவிடுமா? திருந்தவில்லை. நிற்காதே என்று அவன் மனசுக்குள் சொல்லும்போதே கை நின்றுவிடும். அறுத்தால் ஓட்டை, மறுபடி பைப்பு, மறுபடி ஓட்டை. மூன்றாம் வாரம் வரை இதுதான்.

ஆர்த்தி அவனுக்குப் பின்னால் குந்தி, வெளிச்சம் கண்ணில் படாமல் தலையை அவன் முதுகில் கவிழ்த்து, வலது தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். கை நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே சதை இறுகும். இறுகியதும் ஒரு தட்டு. "போங்க." மறுபடி இறுகும். "போங்க." வியர்வையில் அவன் சட்டையும் இவள் நெற்றியும் ஒட்டிக்கொள்ளும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை, கேட்கவா வேண்டும்? இவ்வளவு நேரம் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு இருந்தது கல்யாணமான முதல் வருடத்துக்குப் பிறகு அப்போதுதான். அவனை அனுப்புவதற்காகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

பழக ஆரம்பித்து ஒரு வாரமானதும் நடராசன் அதே முக்கால் மணி நேரத்தில் கட்டிங் மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். ஆங்கிள் இரும்பு அறுக்க வேண்டியிருக்கிறது என்றார். மிஷின் அலறும், கரண்டு விழும், ரஞ்சித் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அண்ணனை ஒன்றும் கேட்கமாட்டான். மூன்று நாள் பார்த்துவிட்டு ஆர்த்தி போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, ஒரு அர அவரு நிறுத்துங்க."

"வேல நிக்குதும்மா."

"காலையில அறுக்கலாம் இல்ல?"

நடராசன் மிஷினை நிறுத்தாமல் பேசினார். "நீ இன்னாத்துக்கும்மா அவன அனுப்பறதுக்கு இவ்ளோ பாடு படற? எந்தப் பொம்பளயும் புருசன இருன்னு சொல்லுவா."

"நானும் சொல்லிப் பாத்தேன் மாமா. சொல்லாமயே சொல்லிப் பாத்தேன். அவரு இருந்தாரு, எனக்குத்தான் தாங்கல."

அவர் மிஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் இரண்டும் எப்போதும் போலச் சிவந்து நீர் கோத்திருந்தது.

"இருவத்தாறு வருசம் வெளிச்சத்தப் பாத்த கண்ணு. எனக்கு இப்ப ராடு நுனி தெரியறதில்ல. போன வருசத்துலருந்தே தெரியல. வீரம்மாவுக்குக் கூடச் சொல்லல. அவன் போயிட்டான்னா இந்தக் கட இல்ல. கட இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. இன்னொருத்தன் கடைல எடுபிடியா சிலாகு தட்டப் போவட்டுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. மூன்று பேரும் ஒரே கம்பத்தில் கட்டிப்போட்ட மாடுகள் என்று ஆர்த்திக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியல மாமா" என்றாள். "ஆனா அவர இதுக்காக இங்கியே வச்சிக்க முடியாது. அது மட்டும் எனக்குத் தெரிஞ்சி போச்சி."

அவர் நெடுநேரம் ஆங்கிளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீக்கடைக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் கடைப்பக்கம் இருக்கவே இல்லை.

வைகாசி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஆர்த்தி முழு பைப்புக்கும் ஒரே ஒரு முறைதான் தட்டினாள். அடுத்த நாள் தட்டவே இல்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று, "நீயும் வா" என்றான். சவுரியம்மாள் மேடை வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் தேங்கி நின்றபோது ரஞ்சித் இரண்டு தடவை தண்ணீர் குடித்தான். ஆர்த்தி ஜன்னலுக்கு வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது அந்த சென்டர். சீனுவாசன் சார் வாசலிலேயே ரஞ்சித்தைப் பார்த்தார். "மூணாவதா?" என்றார். "ஆமா சார்." "ஏன் நிக்குதுன்னு கண்டுபுடிச்சியா?" "இவங்க கண்டுபுடிச்சாங்க சார்." அவர் ஆர்த்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினார். உள்ளே மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது தெரியாது. சத்தம் கேட்கும். அப்பளம் பொரிகிற மாதிரி சீராக ஒரு சத்தம் கிளம்பியது. அவன்தான். நாலைந்து பேர் பத்தவைத்துக்கொண்டிருந்தாலும் அவளுக்கு அவன் சத்தம் தெரியும்.

தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபதில் அவளுடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து எழும்பின, கூடை கவிழ்க்கிற மாதிரி. திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். அந்தச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மறுபடி இருபது. மறுபடி அவள் கை எழும்பியது. அவன் கை நிற்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, மேலே உட்கார்ந்து அழுத்திக்கொண்டாள். அவனுக்குத் தட்டிக்கொடுத்துச் சரிசெய்ய இவள் இருந்தாள். இவளுக்கு யார் இருக்கிறார்கள்? நாளைக்கு எட்டு மணிக்கு மறுபடி மேடை ஏற வேண்டும்.

ராடு மாற்றும்போது நின்றது, தையல் மேல் படிந்த கசடை, சிலாகை, தட்டுகிற சத்தம் கேட்டது, மறுபடி கிளம்பியது. ஒரு இடத்தில் கூடக் கனத்து அடங்கவில்லை. படம் வர மூன்று நாளாகும். ஆர்த்திக்கு அது வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ரஞ்சித் வெளியே வந்து அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"எப்டி?" என்றாள்.

"தெரில. வியாழக்கிழம படம் வந்தாத்தான்."

"பாசு."

"நீ எப்டி சொல்ற?"

"கேட்டுக்கினுதான இருந்தேன்."

அவன் சிரித்தான். முதல் டெஸ்டில் தோற்றதற்குப் பிறகு இப்போதுதான் பல் தெரியச் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தவன் நிறுத்தினான்.

"ஏன் அழுவுற?"

"நீங்க போறீங்க."

"அழாத ஆர்த்தி." அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் கையைத் தேடினான். கை அவள் தொடைக்கு அடியில் இருந்தது. "நீ வேணாம்னா சொல்லு. கார்ட வாங்கி வச்சிக்கினு இங்கியே இருந்துடறேன். சத்தியமா."

சொன்னால் இருந்துவிடுவான், அவளுக்குத் தெரியும். இன்னொருவனுடைய ஆயுசை வாய்க்குள் வைத்துக்கொண்டு எட்டு நாள் இருந்து பார்த்தவள் அவள். இன்னொரு தடவை அது முடியாது.

"போங்க" என்றாள். "ஆனா சிரிச்சிக்கினே அனுப்புவேன்னு நெனைக்காதீங்க. ரயிலு ஏத்த வரமாட்டேன். போன் பண்ணி எப்டி இருக்கறன்னு கேட்டீங்கன்னா, நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன். நல்லா இருக்கறேன்னு பொய் சொல்ல என்னால ஆவாது. அத்தக் கேட்டுட்டு, மறுநாளு காலையில போயி கை ஆடாம வேல செய்ய முடியுமா ஒங்களால?"

ரோட்டில் ஒரு லாரி போனது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முடியும்னுதான் நெனைக்கறேன்" என்றான் கடைசியில்.

உடனே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.